கன்னத்து செல்லும் கல்லுத்தூசியும்

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை அப்படியே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் பாதியை வெட்டிவிடுவார். அதனால் நாகரிகமாகவே சொல்கிறேன்.

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் லேப். அன்று காலை என் மேஜையில் இருந்தது என் வீட்டுக்காரரின் சளி. அதாவது, சளி என்று சொல்லி அவர் டப்பாவில் பிடித்துக் கொடுத்தது. அதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, காயவைத்து, சாயம் ஏற்றிப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அகலமான, தட்டையான செல்கள். ஓரம் கோணல்மாணல். நடுவில் சின்னதாக ஓர் உட்கரு. கரண்டி பட்டுக் கலைந்த ஆஃப்பாயில் மாதிரி இருக்கும்.

அவை கன்னத்தின் உள்பக்கத்து செல்கள். நாக்கால் துழாவித் துப்பினாலே வந்துவிடும். நுரையீரலிலிருந்து வரவேண்டிய செல் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினேன். மருந்துக்குக்கூட இல்லை.

“எச்சிலைத் துப்பிக் குடுத்துனு போயிருக்காரு மனுஷன்!” என்று கத்தியே விட்டேன். ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பயந்துபோய் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

காசநோய்க் கிருமி இல்லை, நெகடிவ் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். அது பொய்யும் ஆகாது. அந்த எச்சிலில் கிருமி இல்லைதான். ஆனால் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு இவர் வீட்டில் போய்ப் படுத்தால் அடுத்த பொங்கலுக்கு இருக்கமாட்டார் என்று என் மனசுக்குத் தெரிந்துபோயிற்று.

இருமினால் கேட்கக் கூடாது

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். இப்போது மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கத்தில், மைன் என்போம், அண்டர்கிரவுண்டில் வேலை செய்த ஆள் இருமினால் ஏன் இருமுகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார்கள். இருமல் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். நிச்சயதார்த்தத்தில்கூட, பெண்ணுக்கு என்ன படிப்பு என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளையின் அப்பா இருமினால், பெண்வீட்டார் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். அது ஒரு மரியாதை.

என்ன வியாதி என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும் என்பதுதான் இதற்குக் காரணம். கல்லுத்தூசி. பாறையில் துளைபோடும்போது பறக்கிற தூசி நெஞ்சில் போய்ப் படிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. ஷிஃப்ட் முடிந்து கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், மேலே ஏறி வந்ததும் ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கடித்துக்கொள்வார்கள், தூசி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும் என்று. வெல்லம் போகிற வழி வேறு, தூசி போகிற வழி வேறு என்று நான் படித்துவிட்டு வந்து சொன்னேன். யார் கேட்டார்கள்? சொல்லிவிட்டு மறுநாள் நானே டப்பாவில் வெல்லம் வைத்து அனுப்பினேன்.

என் வீட்டுக்காரர் தனபால், மைன் மூடுகிற வரைக்கும் மெஷின் ஆள். அதாவது பாறையில் துளைபோடுகிறவர். மூடிய பிறகு எல்லோரையும் போல ஊரிகம் ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டுக்குக் காவல் வேலைக்குப் போய்வந்தார். இருமல் எப்போதும் இருந்தது. நானும் ஊர் வழக்கப்படி பேச்சை நிறுத்திக் காத்திருப்பேன்.

அந்த வருஷம் மழை நின்ற பிறகு ஆள் இளைக்க ஆரம்பித்தார். பெல்ட்டுக்குப் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். ஸ்டேஷன் படி ஏறமுடியாமல் வேலையை விட்டார். சாயங்காலம் ஆனால் உடம்பு கணகணவென்று கொதிக்கும், விடிவதற்குள் பனியன் நனைந்துவிடும். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. கல்லுத்தூசி மூச்சைத் தின்னும், ஆளையும் தின்னும். ஆனால் தினம் தவறாமல் சாயங்காலத்தில் ஜுரத்தைக் கூட்டிக்கொண்டு வராது. இது வேறு.

என் கன்னம்

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் விளங்காது.

பி.யூ.சி. படிக்கும்போதுதான் முதன்முதலில் ஒரு செல்லைப் பார்த்தேன். பல்குச்சியால் கன்னத்தின் உள்பக்கத்தைச் சுரண்டி, தகட்டில் தடவி, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். அட, நானா இது! பின்னால் வரிசையில் நின்ற பெண் என் ஜடையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், சாகிற வரைக்கும் இதைத்தான் பார்ப்பேன் என்று. வீட்டில் டீச்சர் ட்ரெய்னிங் போகச் சொன்னார்கள். என்னை மாற்ற யாரால் முடியும்?

கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணுக்குக்குள் எத்தனை வேலை நடக்கிறது தெரியுமா? வெளியே சவ்வு. சும்மா உறை என்று நினைத்துவிடாதீர்கள். எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. உள்ளே உட்கரு. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பெல்லாம் அங்கே டி.என்.ஏ.வில் இருக்கிறது. குறிப்பின் நகலைப் பார்த்து ரைபோசோம்கள் புரதத்தைக் கோக்கும். கோத்ததைத் திருத்தி, பையில் போட்டு, போகவேண்டிய இடத்துக்கு அனுப்புவது கோல்கி. இவ்வளவுக்கும் தெம்பு வேண்டாமா? நாம் தின்கிற சோற்றையும் இழுக்கிற மூச்சையும் வைத்து அந்தத் தெம்பை உண்டாக்கிக் கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா.

எங்கள் ஊரில் யாரிடம் இதைச் சொன்னாலும் உடனே, “பவர் ஹவுஸு, மில்லு, ஸ்டோரு, எல்லாம் கீதே! அப்படியே மைன் மாதிரி” என்பார்கள். எங்களுக்கு எல்லாமே மைன் மாதிரிதான். கல்யாணமும் மைன் மாதிரிதான் என்பார் என் வீட்டுக்காரர். இறங்கிவிட்டால் ஷிஃப்ட் முடியாமல் மேலே வரமுடியாதாம். வாய்க்கொழுப்பு.

விழுங்குகிற செல்

நான் அன்று தேடியது கன்னத்து செல்லை அல்ல, நுரையீரலில் காவலுக்குச் சுற்றுகிற விழுங்கு செல்லை. கொஞ்சம் உருண்டையாக, பெரிதாக இருக்கும். மூச்சோடு உள்ளே வருகிற தூசி, புகை, கிருமி எதுவானாலும் சவ்வை நீட்டிச் சுற்றி வளைத்து விழுங்கிவிடும். விழுங்கினால் போதுமா, செரிக்க வேண்டுமே? அதற்குத்தான் லைசோசோம் என்ற சின்னச் சின்னப் பைகள். அமிலமும் செரிக்கும் நொதிகளும் அவற்றுக்குள் பத்திரமாக அடைபட்டிருக்கும். விழுங்கியது இருக்கும் குமிழோடு பை ஒட்டிக் கலக்கும். உள்ளே இருப்பது கரைந்துபோகும்.

கிருமி கரையும். கல் கரையுமா? பாறைத்தூசியை விழுங்கிய செல்லில் அந்தத் துகள் லைசோசோமின் சவ்வைச் சிதைத்துவிடும். உள்ளே இருந்த அமிலமும் நொதியும் கசிந்து அந்த செல்லையே தின்றுவிடும். செல் சாகும், கல் வெளியே வரும், அடுத்த செல் வந்து விழுங்கும், அதுவும் சாகும். செத்த இடமெல்லாம் தழும்பாகி இறுகும். இதுதான் எங்கள் ஊர்க் கல்லுத்தூசி வியாதி. மைன் மூடி இத்தனை வருஷமாகியும் நெஞ்சுக்குள் மூடவில்லை என்றால் அதற்கு இதுதான் காரணம்.

காசநோய்க் கிருமி வேறு ரகம், பெரிய கில்லாடி. விழுங்கு செல் அதை விழுங்கும். ஆனால் உள்ளே போனதும் லைசோசோம் பக்கத்தில் வந்து ஒட்டாதபடி அது தடுத்துவிடும். தன்னைக் கொல்ல வந்தவனின் வயிற்றிலேயே குடித்தனம் நடத்திக் குட்டி போடும். கல்லால் காவல் செல்கள் செத்துக்கொண்டிருக்கும் நுரையீரல் என்றால் அதற்குக் கொண்டாட்டம். அதனால்தான் கல்லுத்தூசி இருக்கிறவர்களுக்கு டிபி சுலபமாக வரும்.

என் மைக்ராஸ்கோப்பில் லைசோசோம் தெரியாது. அதற்கு ரொம்பப் பெரிய கருவி வேண்டும். ஆனால் அது தோற்றுப்போன இடம் எனக்குத் தெரியும். டிபிக்கு மாத்திரை இருக்கிறது, கல்லுத்தூசிக்கு இல்லை. என் வீட்டுக்காரருக்கு எது என்று தெரியவேண்டியிருந்தது. அவர் துப்பிக் கொடுத்திருந்தார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர்

மத்தியானமே லீவு சொல்லிவிட்டு ஊரிகத்துக்கு வந்தேன். மைன் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு, ஒரு சத்தம் போட்டால் பக்கத்து நாலு வீட்டுக்குக் கேட்கும். கேட்கட்டும். அவர் கட்டிலில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அணைத்தேன்.

“அது உங்க கன்னம்” என்றேன்.

“இன்னா?”

“டப்பால இருந்தது. கன்னத்து செல்லு. நெஞ்சுச் சளின்னா விழுங்குற செல்லு இருக்கணும், ஒண்ணுகூட இல்ல. எச்சிலைத் துப்பி மூடிக் குடுத்துட்டீங்க. யார்கிட்ட? என்கிட்டயே!”

“எனக்கு அதான் வருது.”

“விடிய விடிய இருமறீங்களே, அப்ப வர்றது இன்னா, பன்னீரா?”

சிரிப்பு வந்தது அவருக்கு. அடக்கினார். அடக்கினதில் இருமல் வந்தது. பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நானும் நின்றேன்.

“கல்லுத்தூசிடி இது” என்றார் மூச்சு வந்ததும். “எங்க அப்பனுக்கு வந்துச்சு, எனக்கு வந்துச்சு. சும்னே எதுக்கு நோண்டற?”

“கல்லுத்தூசின்னா சாயங்காலம் சாயங்காலம் ஜுரம் வராது.”

அவர் ஜன்னலுக்கு வெளியே தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சைனைட் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். எலும்புதான் கையில் பட்டது.

“எங்க அப்பாவுக்கும் சாயங்காலம்தான் ஜுரம் வரும்” என்றார்.

தோளிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

“இதே கட்டில்ல. நான்தான் ஈரத்துணி போட்டுனு உக்காந்திருப்பேன். எல்லாரும் கல்லுத்தூசின்னாங்க. நானும் சரின்னேன். இப்ப எனக்கு டிபின்னு நீ சொல்லி, மாத்திரையில நான் எழுந்துட்டேன்னு வெச்சிக்கோ. அப்ப அவரு? அவரும் எழுந்திருப்பாரேடி.”

இதற்காகத்தான் மனிதர் எச்சிலைத் துப்பிக் கொடுத்தார். கல்லுத்தூசியில் செத்தால் அப்பாவும் தானும் ஒன்று. டிபி என்று தெரிந்தால், பக்கத்தில் இருந்தே அப்பாவைச் சாகவிட்டவன் ஆகிவிடுவோம் என்று பயம். நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் திரும்பி வந்தது. அதுதான் என் சுபாவம்.

“மாமாவுக்கு இன்னான்னு இனிமே யாராலயும் சொல்லமுடியாது. பாக்குறதுக்கு ஸ்லைடு இல்ல. டிபியாவும் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனா உங்களுக்கு இன்னான்னு சொல்ல நான் ஒருத்தி உயிரோட கீறேன். அவருக்குத் தெரியாமப் போச்சுன்னு நீங்களும் தெரியாமப் போவீங்களா? அப்புறம் நான் யாருக்கு ஈரத்துணி போட்டுனு உக்காந்திருக்கறது?”

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தார். “டப்பா இன்னொண்ணு கீதா?” என்றார்.

பாசிடிவ், மேடம்!

மறுநாள் காலை வாய் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் தனியாகப் போய் நின்றார். மூச்சை ஆழமாக இழுத்து, அடிவயிற்றிலிருந்து இருமினார். சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கே நெஞ்சு வலித்தது. கொண்டுவந்து கொடுத்த டப்பாவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கெட்டியாக, மஞ்சளாக. இதுதான் சரக்கு.

காசநோய்க் கிருமியின் உடம்பைச் சுற்றி மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது. சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடு காட்டினால் சாயம் அதற்குள் ஏறிவிடும். பிறகு அமிலம் ஊற்றிக் கழுவினால் மற்ற எல்லாவற்றிலிருந்தும் சிவப்பு போய்விடும், அதிலிருந்து மட்டும் போகாது. கடைசியில் நீலம் ஊற்றினால் மற்றதெல்லாம் நீலம், அது மட்டும் சிவப்பு.

தகட்டை வைத்தேன். முதலில் விழுங்கு செல்கள் தெரிந்தன. உள்ளே கருப்புத் துகள்கள். அடே, வந்துட்டீங்களா என்றேன். என் புருஷனின் மைன் வாழ்க்கை அந்த செல்களின் வயிற்றில் இருந்தது. மெதுவாக நகர்த்தினேன். நீலம், நீலம், நீலம். அப்புறம் மெல்லிய குச்சியாக ஒரு சிவப்பு. பக்கத்தில் இன்னொன்று. அடுத்த இடத்தில் ஒரு கொத்து.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கை தட்டினேன். எங்கள் லேப் டாக்டர், கன்னடக்காரப் பெண், ஓடிவந்தார்.

“ஏனாய்த்து மல்லிகா? நெகடிவா?”

“பாசிடிவ், மேடம்! பாசிடிவ்! கொத்துக் கொத்தா கீது!”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புருஷனுக்கு டிபி என்று கை தட்டுகிற பெண்ணை அதற்கு முன் அவர் பார்த்திருக்கமாட்டார். மைக்ராஸ்கோப்பில் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு, எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். நெஞ்சில் கல்லுத்தூசியும் இருந்தது. இரண்டும்தான். ஆனால் ஆளைக் கொன்றுகொண்டிருந்தது இந்தச் சிவப்பு. இதற்கு மாத்திரை இருக்கிறது.

ஆரஞ்சு நிறம்

மாத்திரை அரசாங்கம் கொடுப்பது. ஆறு மாதம் என்றார்கள், கல்லுத்தூசியும் இருப்பதால் இன்னும் சில மாதம் நீட்டித்தார்கள். எனக்கும் பரிசோதனை செய்தார்கள், ஒன்றுமில்லை. நாத்தனார் வந்து அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்தாள். தட்டில் தொத்தாது, மூச்சில்தான் தொத்தும் என்று சொல்லி, அந்தத் தட்டிலேயே அவளுக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டாள், பாவம்.

மாத்திரை ஆரம்பித்த மறுநாள் பாத்ரூமிலிருந்து அலறல். “மல்லிகா! ரத்தமா போவுதுடி!”

போய்ப் பார்த்தால் ஆரஞ்சு நிறம். அந்த மாத்திரை அப்படித்தான் செய்யும். விஷயத்தைச் சொன்னதும், “முன்னாடியே சொல்லமாட்டியா, உயிரே போய்டுச்சு” என்றார். உயிர் போகிறவரின் குரல் இல்லை அது. நல்ல கணீர் குரல்.

ஜுரம் நின்றது. பசி வந்தது. பெல்ட்டில் பழைய ஓட்டைக்குத் திரும்பினார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும். அது கல், அது இருக்கும். ஆனால் ஆள் எழுந்துவிட்டார். லைன் முழுக்க அதே பேச்சு: தனபால் எழுந்துனு நடக்கறாரு.

ஏழுமலை அண்ணன்

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் ஏழுமலை அண்ணன் வந்தார். எங்கள் ஊரிலேயே பாலகாட் பக்கம் வீடு. என் வீட்டுக்காரரும் அவரும் அண்டர்கிரவுண்டில் ஒரே லெவலில், ஒரே ஆழத்தில், ஒரே மெஷினைப் பிடித்தவர்கள். பேசினால் பாதியில் மூச்சு நின்றுவிடும் நிலைமை. என் வீட்டுக்காரர்தான் ஆட்டோ பிடித்து அவரை லேப்புக்குக் கூட்டிவந்தார், கைத்தாங்கலாக மாடி ஏற்றி.

“தங்கச்சி, எனக்கும் அந்த மாத்திரை வாங்கிக் குடுத்துடு” என்றார் அண்ணன்.

“முதல்ல பாக்கலாம்ணே.”

“இன்னாத்த பாக்கறது? இவனுக்கு இருந்தது எனக்கு இருக்காதா?”

நல்ல சளிதான் கொடுத்தார், குறை சொல்ல முடியாது. விழுங்கு செல்கள் நிறைய இருந்தன, எல்லாவற்றிலும் கருப்பு. சிவப்பு இல்லை. மறுநாள் இன்னொன்று வாங்கிப் பார்த்தேன், இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே கிருமியின் டி.என்.ஏ.வையே தேடும் மெஷினில் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் இல்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் கல்.

ரிசல்ட்டைச் சொல்ல இருவரையும் லேப்புக்கு வரச்சொன்னேன். பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நோயாளிகளுக்கு ரிசல்ட் சொல்லிப் பழகியவள்தான் நான். அன்றைக்கு ரிசல்ட் காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்தேன்.

“அண்ணே, டிபி இல்லண்ணே.”

ஊர் உலகத்தில் வேறு எங்கே சொன்னாலும் சாமிக்குத் தேங்காய் உடைப்பார்கள். ஏழுமலை அண்ணனின் முகம் விழுந்துவிட்டது.

“நல்லா பாத்தியாம்மா?”

“நல்லா பாத்தேன்ணே.”

“ஒண்ணே ஒண்ணுகூடவா இல்ல?”

உள்ளே போனேன். அவருடைய தகட்டை எடுத்து மறுபடி வைத்து, ஒரு மூலை விடாமல் தேடினேன். கல் தின்று செத்த செல்கள்தான் இருந்தன. சாயம் ஏற்றுவதில் நான் எதையாவது விட்டிருக்கக்கூடாதா என்றுகூட வேண்டிக்கொண்டேன். விடவில்லை. வெளியே வந்து, “இல்லண்ணே” என்றேன்.

“சரி வுடு” என்றார் அண்ணன். கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டு எழுந்து நின்றார். “வாடா தனபாலு, டீ சாப்பிட்டுப் போலாம்.”

என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அப்பாவைப் பற்றிச் சொன்ன அன்றுகூட அப்படி அழவில்லை.

அண்ணன் குனிந்து அவருடைய கையைப் பிடித்து விலக்கினார்.

“எனக்குத்தான்டா இல்லேன்னாங்க. நீ ஏன்டா அழுவுற?”